குர்குமின் கரைசலில் எவ்வளவு வேகமாக நகர்கிறது: என்.எம்.ஆரில் விரவல் குணகம் அளப்பது எப்படி?

விரவல் குணகம் என்றால் ஒரு மூலக்கூறு கரைசலில் தானாக எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதைச் சொல்லும் எண், என்.எம்.ஆர். என்றால் காந்தப்புலத்தில் அணுக்கருக்கள் தரும் சிக்னலை அளக்கும் முறை. ஈரோட்டு மஞ்சளில் பிரித்தெடுத்த குர்குமினை (மஞ்சளின் நிறப்பொருள்) வைத்தே சொல்கிறேன், நம்ம பக்கத்தில் எம்.எஸ்சி. புராஜெக்ட் என்றால் அது எளிதாகக் கிடைக்கும். டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய டி.எம்.எஸ்.ஓ. (டைமெத்தில் சல்பாக்சைடு) என்ற கரைப்பானில் கரைத்துக்கொள்ளுங்கள். குளோரோஃபார்மை விட இது கெட்டியான திரவம், குழாய்க்குள் வெப்பச்சலனம் குறையும்.

முதலில் வெப்பநிலையைச் சரிபண்ணுங்கள், பல்ஸ் எல்லாம் அப்புறம். கருவி ஹீட்டரை வைத்துத்தான் வெப்பத்தை நிலைநிறுத்துகிறது, அதனால் உள்ளே வரும் காற்று குறித்த அளவை விடச் சில டிகிரி குளிர்ச்சியாக இருந்தாக வேண்டும். சித்திரை வெயிலில் கோயம்புத்தூரில் கம்ப்ரஸர் காற்றே 30 டிகிரிக்கு வந்தால் 25 எப்படி நிற்கும்? சில்லர் இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் 35-இல் அளந்து அதையே ரிப்போர்ட்டில் எழுதுங்கள். குழாயை உள்ளே விட்டு ஒரு கால் மணி நேரம் சும்மா விடுங்கள், சுழற்றவே கூடாது.

கிரேடியன்டை (குழாய் நெடுக காந்தப்புலத்தைச் சீராக மாற்றும் பல்ஸ்) அளவுதிருத்தக் கனநீர் போதும்: 25 டிகிரியில் அதில் மிச்சமிருக்கும் எச்.டி.ஓ.வுக்கு (ஒரு சாதாரண ஹைட்ரஜன் கொண்ட கனநீர்) விரவல் குணகம் வினாடிக்கு 1.90 × 10⁻⁹ சதுர மீட்டர் வர வேண்டும்.

சின்ன டெல்டா (கிரேடியன்ட் பல்ஸின் நீளம்) 2 மில்லிவினாடி, பெரிய டெல்டா (விரவ விடும் நேரம்) 100 மில்லிவினாடி என்று ஆரம்பியுங்கள். கிரேடியன்ட் 2 சதவீதத்தில் ஒன்று, 95-இல் ஒன்று எடுத்துப் பாருங்கள், பின்னதில் சிக்னல் 5-10 சதவீதம் மிஞ்சும் வரை டெல்டாவைக் கூட்டிக் குறையுங்கள். ப்ரூக்கர் கருவியில் இருமுனை பல்ஸ் வரிசை என்றால் பி30 என்ற அளவுருவில் கொடுப்பது சின்ன டெல்டாவில் பாதிதான், இதை மறந்தால் விடை நாலு மடங்கு தப்பும். பிறகு 16 படிகளில் முழு அளவையும் ஓட்டுங்கள்.

சிக்னலின் மடக்கையைக் கிரேடியன்ட் வர்க்கத்துக்கு எதிரே வரையுங்கள், ஸ்டெஜ்ஸ்கல்–டானர் 1965-இல் தந்த சமன்பாட்டின்படி நேர்கோடு வரும், சரிவிலிருந்து குணகம். மெத்தாக்சி பீக், 3.84 பி.பி.எம்., அதையே எடுங்கள். ஓ.எச். பீக் வேண்டாமுங்க, அது தண்ணீரோடு புரோட்டானை மாற்றிக்கொண்டு வேகத்தைக் கூட்டிக் காட்டும்.

பெரிய டெல்டாவை இரட்டிப்பாக்கினால் குணகமும் ஏறுகிறதா? வெப்பச்சலனம்தான். 3 மி.மீ. குழாய்க்கு மாறுங்கள், இல்லை வெப்பச்சலனத்தின் விளைவை ஈடுசெய்யும் இரட்டைத் தூண்டல் எதிரொலி பல்ஸ் வரிசையைப் போடுங்கள். மஞ்சள் சாற்றை அப்படியே விட்டு மூன்று குர்குமினாய்டுகளும் (குர்குமினும் அதைப் போன்ற இரண்டும்) தனித்தனிக் கோடாகப் பிரியும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள், நிறை 368, 338, 308 என்றால் வேக வித்தியாசம் மிகக் கொஞ்சம், அதற்கு எச்.பி.எல்.சி. (உயர் அழுத்தத் திரவ நிறப்பிரிகை)தான்.