குளியலறையின் பழைய நானி ட்ராப்பைக் கழற்றும் முறை

குளியலறையைப் புதுப்பிக்கும்போது, ஷவருக்குக் கீழே தரையில் பதிந்து, குளித்த நீரைக் குழாய்க்குள் இறக்கும் பழைய நானி ட்ராப்பைச் சேதமில்லாமல் எடுப்பதிலேயே பலரும் குறியாக இருக்கிறார்கள். ட்ராப் எப்படியும் குப்பைக்குப் போகிற பொருள். சேதமில்லாமல் மிஞ்ச வேண்டியது, அதிலிருந்து கிளம்பித் தரைக்குள் ஓடும் குழாயின் முனை. புதிய ட்ராப் அதில்தான் பொருந்தப் போகிறது.

உடைக்கத் தொடங்கும் முன் ட்ராப்பின் மேலிருக்கும் ஜாலியை (ஓட்டை மூடியை) தூக்கி டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். நாற்றம் மட்டும்தான் குறை என்றால், ட்ராப்பில் தேங்கி நின்று வாயுவைத் தடுக்க வேண்டிய சுமார் 50 மி.மீ. நீர் வற்றியிருக்கலாம், அல்லது உள்ளே இருக்கும் கிண்ணம் தொலைந்திருக்கலாம். அதற்காகத் தரையை உடைக்க வேண்டியதில்லை. அடுக்குமாடி வீடுகளில் சில இடங்களில் ட்ராப் தளத்துக்குக் கீழே, கீழ்வீட்டுக் குளியலறையின் கூரையையொட்டித் தொங்கும். அங்கே வேலையின் பெரும்பகுதி கீழிருந்துதான் நடக்கும் என்பதால், அந்த வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் பெறுவது அவசியம்.

வெளிச்சுவரில் இறங்கும் குழாயைப் பார்த்தால், அது பிவிசியா, வார்ப்பிரும்பா, ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட்டா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆஸ்பெஸ்டாஸ் என்றால் கட்டிங் மெஷினை அதன் அருகே கொண்டு போகவே கூடாது. அந்தத் தூசு நுரையீரலுக்குப் பெருங்கேடு. அதை அனுபவமுள்ளவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

தண்ணீர் வால்வை அடைத்து, ட்ராப்பில் நிற்கும் நீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தபின், குழாய்க்குள் பழந்துணியை இறுக்கமாகத் திணித்து, அதில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஓர் ஆணியில் கட்டிவிட வேண்டும். துணியை மட்டும் திணித்துவிட்டுக் கயிறு கட்டாமல் நான் ஒருமுறை வேலையைத் தொடங்க, காரைக் கட்டி ஒன்று விழுந்து துணியையும் சேர்த்து உள்ளே தள்ளியது. அதை வெளியே எடுக்க அரை நாள் ஆயிற்று.

ஜாலியைச் சுற்றி ஓர் அடிச் சதுரத்துக்கு டைல்ஸை மெஷினால் கீறிக்கொண்டு, ட்ராப்பிலிருந்து தள்ளியிருக்கும் ஓரத்தில் உளியை வைத்து உள்நோக்கி வர வேண்டும். கடைசி நான்கு அங்குலத்துக்குச் சிறு சுத்தியலும் உளியும் மட்டுமே. பிரேக்கர் மெஷின் வேண்டாம். காரையில் 'ணங்' என்று கேட்கும் உளி, பிவிசியை நெருங்கும்போது 'டொக்' என்று உள்ளீடற்ற ஒலி தரும். அங்கே கையை நிறுத்தி, மிச்சத்தைக் கரண்டியால் சுரண்டி எடுக்கலாம். தாழ்த்திப் போட்ட தளத்தில் நிரப்பிய செங்கல் ஜல்லி கறுத்து ஈரமாக இருந்தால், கசிவு வெகுநாளாக இருந்திருக்கிறது என்று பொருள். அது நன்றாகக் காயும்வரை புதுத் தளம் போடக் கூடாது.

ட்ராப்பின் வாய் குழாயோடு சேரும் இணைப்பும் அதற்கப்பால் அரை அடிக் குழாயும் வெளித்தெரிய வேண்டும். சொல்யூஷன் போட்டு ஒட்டிய இணைப்பு இழுத்தால் வராது. இழுக்கிற இழுப்பில் உள்ளே எங்கோ வேறோர் இணைப்பு விட்டுப்போகும், அது கண்ணுக்கும் தெரியாது. ஆகவே இணைப்பை அடுத்து ஹெக்சா பிளேடால் நேராக அறுக்க வேண்டும். ஃபிரேம் நுழையாத இடத்தில் பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிக் கையாலேயே அறுக்கலாம். புதிய ட்ராப்பை இணைக்கும் கப்ளர் ஏறி உட்கார வசதியாக மூன்று அங்குலக் குழாயாவது மிஞ்சட்டும். ரப்பர் ரிங் வைத்த இணைப்பு மட்டும், மெல்லத் திருகினால் கழன்று வரும்.

வார்ப்பிரும்பில் இணைப்பை ஈயம் ஊற்றி அடைத்திருப்பார்கள். சுத்தியலால் ஓங்கி அடித்தால் குழாயின் வாயே விரிசல் விடும் என்பதால், ஈயத்தில் டிரில்லால் நெருக்கமாகத் துளைகள் இட்டு, கையுறை அணிந்து துண்டு துண்டாக நெம்பி எடுப்பதே பாதுகாப்பானது.

அறுத்த விளிம்பின் பிசிறை அரத்தால் தேய்த்துவிட்டு, வெட்டிய துண்டையே கடைக்கு எடுத்துச் செல்லுங்கள், 75 மி.மீ. குழாயா, 110 மி.மீ. குழாயா என்ற குழப்பம் அதோடு தீரும். கயிற்றைப் பிடித்துத் துணியை உருவி, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, தங்குதடையின்றி இறங்குகிறதா என்று பாருங்கள். புது ட்ராப் வைக்கும்வரை முனையை எண்ட் கேப்பால் மூடிவைக்க வேண்டும்; இல்லையேல் அன்றிரவே கரப்பான் பூச்சிகள் வீட்டுக்குள் வந்துவிடும்.