வாட்ஸாப்பில் வந்த படம் பழசா, புதுசா? தேடிக் கண்டுபிடிப்பது எப்படி?

மழைக்காலம் வந்தால் குடும்பக் குரூப்பில் வெள்ளப் படங்களும் வந்துவிடும். "நம்ம சுரங்கப்பாதை, இன்னிக்குக் காலைல" என்று மாமா ஒன்றை அனுப்புவார். வெள்ளம் நிஜம்தான், ஊரும் வருஷமும் வேறாக இருக்கும். சொற்களைத் தட்டித் தேடுவது போலப் படத்தைக் கொடுத்தும் தேடலாம், செலவில்லை.

பழகிப் பார்க்க ஒரு படம் சொல்கிறேன்: வெள்ளம் சூழ்ந்த சாலையில், காருக்குப் பக்கத்தில் சுறா நீந்துவது. "சாலையில் சுறா" என்று தேடி எடுத்து, போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் படத்தை வெட்டுங்கள். ஓரத்தில் ஒட்டிய எழுத்து, ஸ்மைலி, குரூப் பெயர் எல்லாம் போகட்டும். அவை இருந்தால் தேடல் திசைமாறும்.

2. கூகுள் ஆப்பைத் திறந்து, தேடல் பெட்டியில் உள்ள கேமரா குறியைத் தொட்டு, கேலரியிலிருந்து படத்தைக் கொடுங்கள். இதுதான் கூகுள் லென்ஸ். ஒன்றைக் கவனியுங்கள்: லென்ஸ் 'இதே மாதிரி' இருக்கும் படங்களையும் சேர்த்துக் காட்டும். வேறொரு வெள்ளம், வேறொரு கார் வந்தால் அது சாட்சியாகாது. உங்களுக்கு வேண்டியது இதே படம், அதே கோணம், அதே கார்.

3. அடுத்தது டின்ஐ (TinEye), படத்தைக் கொடுத்துத் தேடும் இன்னொரு தளம். பிரவுசரில் அந்தத் தளத்துக்குப் போய்ப் படத்தை ஏற்றுங்கள். லென்ஸை விட இதில் குறைவாகத்தான் கிடைக்கும். ஆனால் முடிவுகளைப் பழையது முதலில் வருமாறு அடுக்கும் வசதி இங்கே இருக்கிறது. எனக்கு இந்த ஒன்றுக்காகவே டின்ஐ பிடிக்கும். அங்கே காட்டும் தேதி, டின்ஐ அந்தப் படத்தை இணையத்தில் கண்ட நாள். எடுத்த நாள் அதற்கும் முந்தியதாக இருக்கலாம்.

4. இனி, கிடைத்த பக்கங்களைத் திறந்து படியுங்கள். பலரும் சோம்பல்படுவது இங்கேதான். சுறா படம் 2017-இல் ஹார்வி புயலின்போது அமெரிக்காவின் ஹூஸ்டன் நெடுஞ்சாலை என்று சுற்றியது. அதற்கும் முன்னால், 2011-இல் ஐரீன் புயலின்போது இதே படம் போர்ட்டோ ரிக்கோ தெருவாக இருந்தது! அந்தச் சுறாவின் மூலத்தைப் பிடித்தால் இன்னும் வேடிக்கை: தென்னாப்பிரிக்கக் கடலில் ஒரு கயாக் படகின் பின்னால் வரும் வெள்ளைச் சுறா. தாமஸ் பெஷாக் எடுத்த அந்தப் படம் 2005-இல் ஆப்பிரிக்கா ஜியோகிராஃபிக் இதழில் வந்தது. யாரோ சுறாவை மட்டும் வெட்டிச் சாலையில் விட்டுவிட்டார்கள்.

வீடியோ என்றால், பலகையோ கட்டடமோ தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்தி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, மேலே சொன்ன வழியிலேயே தேடுங்கள். கடைப் பெயர்ப்பலகை, பேருந்தில் எழுதிய ஊர் கண்ணில் பட்டால் அதைத் தட்டியும் தேடலாம். சில நேரம் அதுவே போதும்.

சரி, பழைய பிரதி எதுவுமே சிக்கவில்லை என்றால்? 'அப்ப இது உண்மை' என்றோ 'பொய்' என்றோ முடிவு கட்டாதீர்கள். 2022-இல் இயான் புயலின்போது அமெரிக்காவின் ஃபோர்ட் மையர்ஸ் நகரில் ஒரு வீட்டுப் பின்புற வெள்ளத்தில் சுறா போன்ற மீன் துள்ளும் வீடியோ வந்தது. சுறா என்றதும் பலரும் பொய் என்றே நினைத்தார்கள். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் மூல வீடியோவைப் பார்த்து, அது அந்தப் புயலின்போது எடுத்ததுதான் என்று உறுதி செய்தது.