முதல் பக்கத்தின் மேல் பாதி

ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பதால் தினமும் ரெஸ்யூமே படிக்கிறேன். நல்ல திறமைசாலிகளைக்கூட அவர்களுடைய எழுத்தே மறைத்துவிடுவதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை.

"வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கும் பொறுப்பு வகித்தேன்" என்று ஒரு பெண் எழுதியிருந்தார். துருவிக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது: நாளொன்றுக்குச் சுமார் 40 புகார்கள், பதில் அனுப்ப 3 நாள் ஆகிக்கொண்டிருந்ததை ஒரே நாளாகக் குறைத்திருக்கிறார். அதையல்லவா முதல் பக்கத்தின் மேல் பாதியில் எழுதியிருக்க வேண்டும்! உங்கள் ஒவ்வொரு வரியிடமும் கேளுங்கள்: எத்தனை, எவ்வளவு நேரத்தில், என்னால் என்ன மாறியது? எண் இல்லையென்றால் மாற்றத்தை மட்டும் சொல்லுங்கள். இட்டுக்கட்டிய எண் இரண்டாவது கேள்வியிலேயே பிடிபடும்.

ரெஸ்யூமேயைப் பிடிஎஃப் ஆக்கியதும் முழுவதையும் நகலெடுத்து, வெறும் எழுத்து மட்டும் உள்ள கோப்பில் ஒட்டிப் பாருங்கள். பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரித்த அழகான வடிவமைப்பு என்றால், ஒட்டிய கோப்பில் பணியாண்டு ஓரிடத்திலும் பதவிப் பெயர் வேறிடத்திலும் சிதறிக் கிடக்கலாம். விண்ணப்பங்களை வடிகட்டும் மென்பொருளுக்கும் அப்படியே தெரியக்கூடும்.

தேர்வு செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் ரெஸ்யூமேயைத் திறப்பதற்கு முன்பே, இந்த வேலைக்கு இன்றியமையாத 4 தகுதிகளைத் தாளில் எழுதிவையுங்கள். எல்லோரையும் அதே தாளை வைத்து அளவிடுங்கள். இடையில் ஓராண்டு வேலையில்லாமல் இருந்தவரை ஒதுக்காதீர்கள், காரணத்தைக் கேளுங்கள். குழந்தையையோ நோயுற்ற பெற்றோரையோ பார்த்துக்கொண்ட ஆண்டாக அது இருக்கலாம்.