கணினியில் நேரம் தப்பா? எவ்வளவு தப்பு என்று முதலில் பாருங்கள்

கடிகாரம் தப்பாகக் காட்டினால் பலரும் கையால் திருத்திவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள், மறுநாள் மறுபடியும் அதே கதை. திருத்தும் முன் கைத்தொலைபேசியைப் பக்கத்தில் வைத்து, வித்தியாசம் எத்தனை மணி, எத்தனை நிமிடம் என்று பாருங்கள். கோளாறு எங்கே என்பதைப் பெரும்பாலும் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

சரியாக இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறதா? ஊரிலிருந்து சிங்கப்பூருக்குக் கொண்டுவந்த மடிக்கணினி இன்னும் சென்னை நேரத்திலேயே இருக்கிறது. விண்டோஸில் செட்டிங்ஸ், அப்புறம் 'டைம் அண்ட் லாங்குவேஜ்', அதற்குள் 'டேட் அண்ட் டைம்'. நேர மண்டலத்தை 'யுடிசி+08:00 கோலாலம்பூர், சிங்கப்பூர்' என்று மாற்றுங்கள். மாற்ற விடாமல் மங்கலாக இருந்தால், மண்டலத்தைத் தானாக அமைக்கும் பொத்தானை முதலில் அணைக்க வேண்டும். (நாம் இந்த எட்டு மணிக் கணக்குக்கு வந்ததே 1982 ஜனவரி 1 முதல்தான், அதற்கு முன் ஏழரை.)

சரியாக எட்டு மணி நேரம் என்றால், ஒரே கணினியில் லினக்ஸும் விண்டோஸும் வைத்திருப்பீர்கள். மதர்போர்டு (கணினியின் தாய்ப்பலகை) கடிகாரத்தில் லினக்ஸ் யுடிசி நேரத்தை, அதாவது நம்மைவிட எட்டு மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரத்தை, எழுதும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று நம்பிவிடும். இரண்டில் ஒன்றை மற்றதன் வழக்கத்துக்கு மாற்றினால் போதும். லினக்ஸில் 'டைம்டேட்சிடிஎல்' கட்டளையால் மாற்றுவது சுலபம்.

சில நிமிடங்கள்தான் வித்தியாசமா? விண்டோஸின் அதே 'டேட் அண்ட் டைம்' பக்கத்தில் 'சிங்க் நவ்' அழுத்துங்கள். சரியாகவில்லை என்றால் 'சர்வீசஸ்' பட்டியலில் 'விண்டோஸ் டைம்' நின்றுபோயிருக்கிறதா என்று பார்த்து, ஓட விடுங்கள். அலுவலகக் கணினி என்றால் கை வைக்காதீர்கள், ஐடி ஆட்களிடம் சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு முறை மின்சாரத்தை அணைத்துப் போட்டதும் பல வருடம் பழைய தேதி வந்து நின்றால், மதர்போர்டில் உள்ள பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். இதில்தான் பலரும் ஏமாறுவது: தேதி தப்பானால் இணையதளங்களின் சான்றிதழ் செல்லாது என்று உலாவி மறுக்கும், நாம் வைஃபையைத் திட்டிக்கொண்டிருப்போம். மேசைக்கணினியில் பெரும்பாலும் இருப்பது சிஆர்2032, 3 வோல்ட், பேரங்காடியிலேயே கிடைக்கும். வட்டைப் பூட்டி வைக்கும் 'பிட்லாக்கர்' போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பேட்டரியைக் கழற்றியதும் கேட்டாலும் கேட்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஓரத்துக் கொக்கியை மெல்லத் தள்ளினால் பேட்டரி எழும்பி வரும். பிளஸ் பக்கம் மேலே தெரியும்படி புதியதை வையுங்கள். மடிக்கணினி என்றால் கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேர் பக்கம் கொண்டுபோவதே மேல், சிலவற்றில் அந்தப் பேட்டரி ஒயரோடு வரும்.

மாற்றிய பிறகு பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரை) தேதியைக் கையால் போட்டுவிட்டு, அப்புறம்தான் 'சிங்க் நவ்'. தேதி ஒரேயடியாகத் தப்பாக இருந்தால் விண்டோஸ் தானாகத் திருத்த மறுப்பதுண்டு. கழற்றிய பேட்டரியைக் குழந்தைகள் கையில் படாமல் வையுங்கள், விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.