வைனை நீக்கினாலும் போகாத விண்டோஸ் புரோகிராம்கள்

விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓட்ட உதவும் மென்பொருள் வைன். அதன் வழியாகப் போட்ட புரோகிராம்கள் இனி வேண்டாமா? வைன் பேக்கேஜை மட்டும் தூக்கினால் போதாது. புரோகிராம்கள் ஹோம் ஃபோல்டரில் இடத்தை அடைத்துக்கொண்டு அப்படியே கிடக்கும்.

சில புரோகிராம்கள் மட்டும் போக வேண்டுமென்றால், டெர்மினலில் வைன் அன்இன்ஸ்டாலர் என்ற இரண்டு சொற்களையும் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். பட்டியல் திறக்கும், வேண்டாததைத் தேர்ந்தெடுத்து நீக்கலாம்.

மொத்தமாக விடைகொடுக்க, முதலில் வைனை உங்கள் பேக்கேஜ் மேனேஜரில், அதாவது மென்பொருள்களைப் போடவும் நீக்கவும் உதவும் கருவியில், நீக்குங்கள். அப்புறம் ஃபைல் மேனேஜரில் கன்ட்ரோல், எச் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் மறைந்திருக்கும் ஃபோல்டர்கள் தெரியும். பெயருக்கு முன்னால் புள்ளியுள்ள வைன் ஃபோல்டர்தான் நாம் தேடுவது. அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள்! உள்ளே 'டிரைவ் சி' ஃபோல்டரில் நீங்கள் சேமித்த கோப்புகளோ கேம் சேவ்களோ இருக்கலாம். அவற்றை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு ஃபோல்டரை முழுசாக அழியுங்கள். அழிக்கும் முன் அந்த வைன் ஃபோல்டருக்குள் பார்த்தால் 'இசட்' என்றொரு டிரைவும் தெரியும். அது உங்கள் முழு லினக்ஸ் சிஸ்டத்துக்குமான இணைப்பு. அதற்குள் போய் எதையும் அழிக்கவே கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் மெனுவில் பழைய பெயர்கள் நிற்கும். ஹோமில் புள்ளி லோக்கல், அதற்குள் ஷேர், அதற்குள் அப்ளிகேஷன்ஸ் என்று போனால் வைன் ஃபோல்டர் ஒன்று இருக்கும். அதையும், அதே இடத்தில் 'வைன் எக்ஸ்டென்ஷன்' என்று தொடங்கும் கோப்புகளையும் அழியுங்கள். டெக்ஸ்ட் கோப்பைத் தொட்டால் நோட்பேட் வந்து நிற்பதற்குக் காரணம் இந்தக் கோப்புகள்தான்.