பழைய வண்டியின் பின்விளக்கு மங்கலா? பெரிய பல்பு வாங்காதீர்கள்

பின்விளக்கு மங்கினால் பலரும் முதலில் தேடுவது அதிக வாட் பல்பு. அது வேண்டாம். 21 வாட்டுக்குச் செய்த கூட்டில் அதைவிடப் பெரியதைப் போட்டால் சூட்டில் லென்ஸ் இளகும், பழைய ஒயரின் உறை கருகும். பெரும்பாலான வண்டிகளில் குறை பல்பில் இல்லை. ஒயரிலும், எர்த்திலும் (மின்சாரம் வண்டியின் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் பாதை), அழுக்கிலும் வெளிச்சம் தொலைந்துபோகிறது. அதை மீட்டாலே போதும்.

மல்டிமீட்டர், ஸ்க்ரூட்ரைவர், நைஸ் சாண்ட்பேப்பர், சின்ன பிரஷ், மென்மையான துணி, சோப்புத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் அளவு

விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். மின்சாரம் ஓடாதபோது இழப்பு தெரியாது. எஞ்சின் ஓட வேண்டியதில்லை. மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரியின் எர்த் முனையில், மறுமுனை பல்பு ஹோல்டரின் உலோக உடலில். ஒயர் எட்டாவிட்டால் நடுவில் ஒரு நீள ஒயரைச் சேர்க்கலாம். 12 வோல்ட் வண்டியில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கோளாறு. அடுத்து, பேட்டரியின் மறுமுனைக்கும் ஹோல்டருக்கு மின்சாரம் வரும் ஒயருக்கும் இடையே அளங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் சுவிட்ச், கனெக்டர், ஃப்யூஸ் முனை இவற்றில் எங்கோ இழப்பு.

இவ்வளவு சின்ன எண்ணுக்கு இத்தனை கவனம் எதற்கு? ஃபிலமென்ட் பல்பில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் விழுந்துவிடும்.

2. எர்த்

இனி பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள். விளக்குக் கூடு பாடியில் சேரும் போல்ட்டைக் கழற்றி, துருவையும் பெயின்டையும் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் ஈரம் அண்டாது. பாடியே துருப்பிடித்திருந்தால் ஹோல்டரிலிருந்து சேஸிஸுக்குத் தனி ஒயர் இழுத்துவிடுங்கள். என்னைக் கேட்டால், பழைய வண்டிக்கு இதைவிடப் பயனுள்ள வேலை வேறு இல்லை.

3. ஹோல்டர்

பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். பிரஷால் தேய்த்து எடுங்கள். அடியில் இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்து, பல்பை மேலே தள்ளாமல் கிடந்தால் ஹோல்டரையே மாற்றுவது நல்லது.

4. ரிஃப்ளெக்டரும் லென்ஸும்

வெள்ளிப் பூச்சு உள்ள ரிஃப்ளெக்டரை அழுத்தித் தேய்க்கவே கூடாது. பூச்சு உரிந்து வந்துவிடும். ஈரத் துணியால் மெதுவாக ஒற்றி எடுங்கள். உள்ளே வெறும் வெள்ளைப் பெயின்ட் அடித்த கூடு என்றால், சூடு தாங்கும் பளபளப்பான வெள்ளையைப் புதிதாக அடிக்கலாம்.

லென்ஸுக்குச் சோப்புத் தண்ணீர், அப்புறம் பிளாஸ்டிக் பாலிஷ். தின்னரும் பெட்ரோலும் பட்டால் பிளாஸ்டிக் வெடிப்பு விடும். லென்ஸின் கீழே சிறு துளை இருந்தால் அடைக்காதீர்கள், அது ஈரம் வெளியேறும் வழி.

5. பல்பு

கண்ணாடி கறுத்திருந்தால் அதே வாட்டில், இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். டெயிலும் பிரேக்கும் ஒன்றாக இருக்கும் 21/5 வாட் பல்பின் (பிரேக்குக்கு 21, எப்போதும் எரியும் டெயிலுக்கு 5) இரு பக்கக் குச்சிகளும் வேறுவேறு உயரத்தில் இருக்கும். வலுக்கட்டாயமாகத் திருப்பிப் போட்டால் 21 வாட் இழை டெயிலாக எரியும். பிரேக் பிடிப்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது. இது உயிர் போகும் தவறு.

எல்இடி போட ஆசையா? ஃபிலமென்ட் இருந்த அதே இடத்திலிருந்து எல்லாப் பக்கமும் ஒளி விடாவிட்டால் ரிஃப்ளெக்டர் வேலை செய்யாது. சிவப்பு லென்ஸுக்குச் சிவப்பு எல்இடி வேண்டும். உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதிக்கிறதா என்றும் பாருங்கள்.

6. சோதனை

பேட்டரியை இணைத்து, இருட்டும் நேரத்தில் ஒருவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டு, பின்னால் தள்ளி நின்று பாருங்கள். டெயிலுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் சட்டென்று தெரிய வேண்டும். பிரேக்கை அழுத்தும்போது டெயில் மங்கினாலோ இண்டிகேட்டர் சேர்ந்து மினுங்கினாலோ எர்த் இன்னும் சரியாகவில்லை. இரண்டாவது படியிலிருந்து மறுபடி பாருங்கள்.