பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது நாம் செய்யும் தவறுகள்

போன வருடம் வந்துபோன குழந்தையை மனதில் வைத்துக்கொண்டு இந்த வருடம் வீட்டைத் தயார் செய்வதுதான் நம்மில் பலரும் செய்யும் முதல் தவறு. நானும் செய்தேன். மடியை விட்டு இறங்காமல் கதை கேட்ட பேத்திக்காக அதே படப் புத்தகங்களைத் தூசி தட்டி அடுக்கி வைத்தேன். வந்தவளுக்கு ஏழு வயது. இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "பாட்டி, இதெல்லாம் சின்னப் பிள்ளைங்களுக்கு" என்றாள், எனக்கு வருத்தமாகிவிடக் கூடாதே என்று குரலைத் தாழ்த்தி. ஏழு வயதுக் குழந்தைக்கு ஒரு வருடம் என்பது அது வாழ்ந்த காலத்தில் ஏழில் ஒரு பங்கு. அதற்குள் எவ்வளவோ மாறியிருக்கும்.

அதனால் வருவதற்கு இரண்டு வாரம் முன்பே பேசிவிடுங்கள். பெற்றோரிடம் கேட்க வேண்டியவை: எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, என்ன மருந்து கொடுக்கலாம், இப்போது எடை எவ்வளவு, இரவில் விளக்கு வேண்டுமா. எடையை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்தின் அளவைப் பெரும்பாலும் எடையை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். மற்றதைக் குழந்தையிடமே கேளுங்கள். இப்போது எதில் ஆசை என்று அதன் வாயாலேயே தெரிந்துகொள்வது நல்லது.

நமக்கும் ஒரு வயது கூடியிருக்கிறது என்பதை மறப்பது அடுத்த தவறு. அதில் பெரிய ஆபத்து நம் மாத்திரைகள்தான். கிழமை வாரியாகப் பிரித்துப் போடும் டப்பா நமக்கு வசதி. ஆட்டினால் கலகலவென்று சத்தம் வரும், மூடியை ஒரு விரலால் திறந்துவிடலாம். இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது கிலுகிலுப்பைதானே? சர்க்கரை நோய்க்கான சில மாத்திரைகளில் ஒன்றே ஒன்றை விழுங்கினால்கூடச் சின்னக் குழந்தையின் உயிருக்கு ஆபத்து. கட்டிலுக்குப் பக்கத்தில், கைப்பையில், தலையணைக்கு அடியில் இருப்பதையெல்லாம் எடுத்து உயரமான அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். இதயத்துக்காக நாம் போடும் ஆஸ்பிரினைக் காய்ச்சலுக்கு என்று குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. அரிதாக என்றாலும், மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய்க்குறி அதனால் வரலாம்.

ரிமோட், எடை பார்க்கும் கருவி போன்றவற்றில் இருக்கும் வட்டமான சிறு பேட்டரிகளையும் பாருங்கள். அதைக் குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே அரித்துப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே போதும், உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வாளியில் தண்ணீரைத் தேக்கி வைக்காதீர்கள். நாலைந்து சென்டிமீட்டர் ஆழம்கூடத் தவழும் குழந்தைக்கு ஆபத்துதான், மூழ்கும்போது பெரும்பாலும் சத்தமே வராது.

சரி, பிள்ளைகள் வந்துவிட்டார்கள். வாசலிலேயே "வா, பாட்டிக்கு ஒரு முத்தம் கொடு" என்று இழுக்காதீர்கள். மாதக்கணக்கில் போன் திரையில் மட்டும் பார்த்த முகம், நேரில் வேறு மாதிரி இருக்கும். அம்மாவின் பின்னால் ஒளிந்தால் ஒளியட்டும். நீங்கள் கையில் ஏதாவது வேலையை எடுத்துக்கொண்டு தரையில் உட்காருங்கள், மெல்ல மெல்லப் பக்கத்தில் வந்துவிடும்.

பகலெல்லாம் ஓடியாடும் குழந்தை இரவில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்ளும். என் பேரன் அப்படிப் படுத்திருந்தபோது தூங்கிவிட்டான் என்று நினைத்து விளக்கை அணைக்கப் போனேன். தோள் மட்டும் விட்டு விட்டுக் குலுங்கியது. "இங்க என்ன குறை உனக்கு?" என்று கேட்க வாய் வரை வந்தது. நல்லவேளை, கேட்கவில்லை. அம்மா நினைப்பு வந்து அழுகிற குழந்தையிடம் அப்படிக் கேட்டால், அழுவதே நமக்குச் செய்யும் குற்றம் என்று நினைத்துக்கொள்ளும். பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா ஞாபகமா கண்ணு?" என்றேன். தலையை ஆட்டினான். என் விரலைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனான்.

ஒவ்வொரு நாளையும் நிகழ்ச்சிகளால் நிரப்பத் தேவையில்லை. காலையில் எங்காவது வெளியே, மாலையில் இன்னொரு இடம் என்று ஓடினால் நாலாம் நாள் எல்லோருக்கும் எரிச்சல்தான் மிஞ்சும். துணி மடிப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று உங்கள் அன்றாட வேலையில் அவர்களுக்கும் ஒரு வேலையை ஒதுக்குங்கள். மதியம் ஒரு மணி நேரம் நீங்கள் படுத்தே ஆக வேண்டும். அதை முதல் நாளே சொல்லிவிட்டால் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். களைப்பில் நாம் சுள்ளென்று விழுவதுதான் அவர்களுக்குப் புரியாது.

தூங்கப்போகும் நேரத்தைத் தள்ளிப்போடுவதில் மட்டும் ரொம்பத் தாராளம் வேண்டாம். 6 முதல் 12 வயது வரை 9 மணி நேரமாவது தூங்க வேண்டும், 3 முதல் 5 வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம். அரை மணி, ஒரு மணி தள்ளிப்போனால் பரவாயில்லை. போனும் அப்படித்தான். பிடுங்கினால் சண்டை வரும், எந்நேரமும் கையில் விட்டால் தூக்கம் கெடும். பெற்றோர் வைத்திருக்கும் விதியையே இங்கும் தொடருங்கள்.

நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. "அம்மாகிட்ட சொல்லாதே, நமக்குள்ள இருக்கட்டும்" என்ற வார்த்தையை விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள். ஒரு தின்பண்டத்துக்காக நாம் சொல்வது நமக்குச் சாதாரணம். ஆனால் பெரியவர்கள் சொன்னால் பெற்றோரிடம் மறைக்கலாம் என்று குழந்தை அதிலிருந்து கற்றுக்கொள்கிறது. நாளைக்குத் தீய எண்ணத்தோடு நெருங்கும் ஒருவர் சொல்லப்போவதும் இதே வார்த்தையைத்தான். கூடுதலாகக் கொடுக்க ஆசையா, அம்மாவிடம் தெரியப்படுத்திவிட்டே கொடுங்கள். அதேபோல மருமகள், மருமகன் மீதான மனத்தாங்கலைக் குழந்தை காதுபடப் பேச வேண்டாம். பேரப்பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிடவும் வேண்டாம்.

கிளம்பும் நாளில் "பாட்டியை விட்டுட்டுப் போறியா?" என்று கேட்டுவிடுகிறோம். போவதா இருப்பதா என்பது குழந்தை கையில் இல்லை. பாவம், என்ன பதில் சொல்லும்? அழுகை வந்தால் சேர்ந்து அழுதுவிட்டு அனுப்புங்கள், அதில் தவறில்லை. அப்புறம் அன்று இரவே ஒரு நோட்டை எடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: எந்தப் பல் ஆடுகிறது, எந்தத் தோழியோடு சண்டை, எந்தப் புத்தகம் பாதியில் நிற்கிறது. அடுத்த வாரம் போனில் "நல்லா இருக்கியா, சாப்பிட்டியா?" என்பதோடு முடித்துவிடாமல், "அந்தக் கீழ்ப்பல் விழுந்துதா?" என்று கேட்கலாம்.